சலூன் தொட்டி

தோள்வரை உள்ளே போய்விட்ட என் வலது கை தொட்டியின் மூலையில் படிந்த பாசியைப் பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டிக்கொண்டிருக்கிறது, கை என்னுடையதுதான், ஆனால் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்க்கும்போது யாருடையதோ போல ஊதித் தெரிகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், அவளும் பச்சையாக, விளிம்பு இல்லாமல், தண்ணீரில் ஊறினவள் மாதிரி இருக்கிறாள், மீனு எப்ப வாங்கப் போற என்கிறாள், முதல்ல தொட்டி சுத்தமாகட்டும்மா என்கிறேன், காலையிலிருந்து இதே கேள்வி, இதே பதில், எண்பது வயதில் படியேறி மொட்டைமாடிக்கு வந்து, தண்ணீர் டேங்க் நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மேஸ்திரி மாதிரி என்னை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அகரத்தில் சலூன் வைத்திருந்த முனிரத்தினத்தின் தொட்டி இது, கடையை மூடிவிட்டு மகளோடு ஓசூருக்குப் போகிறவர், சுழல் நாற்காலி, நிலைக்கண்ணாடி எல்லாம் விற்றுப்போன பிறகு யாரும் சீந்தாத இதை வாசலில் வைத்திருந்தார், தண்ணி ஒழுகாதுக்கா, அதுக்கு நான் கேரண்டி, அழுக்குக்கும் நானே கேரண்டி என்று சிரித்தார், ஆட்டோவில் பிள்ளையைப் பிடித்துக்கொள்வதுபோல் பிடித்துக்கொண்டு வந்தேன், புடவையெல்லாம் நாற்றம், கூழாங்கற்களை வாளியில் கொட்டி அலசினால் முடி முடியாக வருகிறது, கறுப்பு, நரை, சாயம் போட்ட செம்பட்டை, அகரத்து ஆண்களில் பாதிப் பேர் இந்த வாளிக்குள் இருக்கிறார்கள், பிளேடு எதுவும் கிடக்குமோ என்று பயந்து பயந்து விரலை விடுகிறேன், கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, போர் தண்ணீர் வருஷக்கணக்கில் நின்று இறுகிப்போன உப்பு, வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் ஒட்டி ஊறவிட்டால்தான் இளகும், கல்லுப்பு போட்டுத் தேய்த்தால்தான் பாசியின் வழவழப்பு போகும், சோப்பு மட்டும் கூடாது, மீன் தொட்டிக்குள் சோப்பு கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும், அம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லிச் சொல்லி இத்தனை வருஷமாகச் சிரித்திருக்கிறோம்.

இத்தனையும் என் தங்கை குமுதவல்லிக்காக. நாளைக்குக் காலையில் அவளுக்கு இதய ஆபரேஷன், சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் கெடுத்துவைத்த வால்வை எடுத்துவிட்டு வேறு வைக்கப்போகிறார்கள், ஆஸ்பத்திரியில் அவள் கணவர் பார்த்திபன் கூடவே இருக்கிறார், தேதி குறித்த அன்றைக்கே குமுது என்னிடம் சொல்லிவிட்டாள், அக்கா, டிஸ்சார்ஜ் ஆனா உன் வீட்டுக்குத்தானே வரப்போறேன், மல்லாக்கப் படுத்துக்கிட்டு எத்தன நாளு ஃபேனையே பாத்துக்கிட்டு இருக்கறது, ஒரு மீன் தொட்டி வையேன், சின்னதா போதும் என்றாள், அவள் எதையும் கேட்கிறவள் இல்லை, இப்போது கேட்டுவிட்டாள், அதற்குச் சற்று முன்னால்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஹார்ட் ரொம்பப் பெருசாயிருக்கும்மா, லேட்டாத்தான் வந்திருக்கீங்க, செய்யாம விட முடியாது, ஆனா ரிஸ்க் இருக்கு, நீங்க தைரியமா இருக்கணும் என்று சொல்லியிருந்தார், அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, குமுதுவிடமும் சொல்லவில்லை, பாசியைச் சுரண்டும்போது நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், தைரியமா இருக்கணும், தைரியமா இருக்கணும், கார்டு கண்ணாடியில் கீச்சிடுகிறது.

அப்பா செய்த தொட்டி இதைவிடச் சின்னது, பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் கூடத்தில் ரேடியோவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே நிற்கிறது, அப்பா வெல்டர், இரும்புச் சட்டத்தைத் தானே பற்றவைத்து, கண்ணாடியை அளவாக வெட்டி வாங்கிவந்து, இடுக்குகளை மக்குப் பசை வைத்து அடைத்து, நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க முதல் வாளித் தண்ணீரை ஊற்றுகிறார், ஒரு சொட்டு ஒழுகவில்லை, அப்பா உலகத்தை ஜெயித்துவிட்டவர்போல மீசையைத் தடவிக்கொள்கிறார், காலையில் எழுந்தால் கூடம் குளம், தையல் மிஷின் பெடல் ஊறிப்போச்சு என்று அம்மா கத்துகிறாள், ரங்கா, கத்தாத, மக்கு இன்னும் காயல, அவ்வளவுதான் என்று அப்பா சமாளிக்கிறார், மறுபடி மக்கு, மறுபடி தண்ணீர், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூர்மார்க்கெட் பக்கம் போய் ஈய வாளியில் மீன்களைக் கொண்டுவருகிறார், பஸ்ஸில் வாளியைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு வந்ததில் பேண்ட் நனைந்து, ஏறுகிறவர்களெல்லாம் தன்னை ஒரு மாதிரி பார்த்தார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

பெயர் வைத்தது குமுது, வயிறு பெருத்த தங்கமீன் பெரியப்பா, அது திரும்பவேண்டுமென்றால் முதலில் தலை திரும்பி, யோசித்து, அப்புறம் வயிறு திரும்பும், மூக்கை நிமிர்த்திக்கொண்டு போகிற ஏஞ்சல் மீன் கணக்கு டீச்சர், கறுப்பு மோலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கமுடியாது என்பதால் மொத்தமாகக் கறுப்பிங்க, எந்நேரமும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்த ஒன்றுக்கு லோகம்மா என்று பெயர், கீழ்வீட்டு லோகம்மாவின் பெயர்தான், அவள் ஊர்க்கதை பேச வரும்போதெல்லாம் குமுது தொட்டியைப் பார்த்து, லோகம்மா, சாப்டியா என்பாள், இன்னும் இல்லடி கண்ணு, இப்பத்தான் ஒல வெச்சுட்டு வந்தேன் என்று கீழ்வீட்டம்மா பதில் சொல்வாள், நானும் குமுதுவும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்குவோம், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எங்களை முறைப்பாள், அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும் என்பதால்தான் அந்த முறைப்பு.

ஞாயிறு காலை அப்பா சைக்கிள் டியூபை வாயில் வைத்து உறிஞ்சி அழுக்குத் தண்ணீரை வெளியே இழுப்பார், பாதி வாய்க்குள் போய்விடும், த்தூ என்று துப்பிவிட்டு மறுபடி உறிஞ்சுவார், சோப்புக் கை மட்டும் தண்ணில படக்கூடாது, பட்டா மீனுக்கு மூச்சு விடற எடம் எரிஞ்சுடும், ரங்கா, தொவச்ச கையோட கிட்ட வராத என்று ஒவ்வொரு ஞாயிறும் மந்திரம்போலச் சொல்வார், ஆமா, உங்க மீனுக்கு இருக்கற மரியாத இந்த வீட்டுல எனக்கு இல்ல என்பாள் அம்மா, ஆனால் தீனி போடுகிற முறை அவளுடையதாக இருந்தால், துவைத்துவிட்டு வந்த கையைப் புளித்தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் கழுவி, முகர்ந்து பார்த்து, என்னையும் முகரச்சொல்லி, அப்புறம்தான் போடுவாள், அந்தக் கை இப்போது மடியில் கிடக்கிறது, நரம்பெல்லாம் வெளியே தெரிய, விரல்கள் லேசாக நடுங்கியபடி, மீனு எப்ப வாங்கப் போற என்கிறாள், அம்மா, புதுத் தண்ணி ரெண்டு மூணு நாளாவது நிக்கணும், அவ வீட்டுக்கு வர்ற அன்னிக்கு வாங்கினா போதும் என்கிறேன், அன்னிக்கு வாங்கி எதுக்குடி, நாளைக்குக் காலையிலதானே ஆபரேஷன் என்கிறாள், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், வயதாகிவிட்டால் நாள் கிழமையெல்லாம் குழம்பிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டு வினிகர்த் துணியைப் பிய்த்து எடுக்கிறேன், வெள்ளைக் கோட்டில் பாதி போயிருக்கிறது, பாதி போகவில்லை.

மத்தியானம் குமுதுவே கூப்பிட்டாள், போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன், தொட்டி எந்தக் கடையிலக்கா வாங்கின என்றாள், சலூன்ல என்றேன், அப்ப மீனு எல்லாம் கிராப்பு வெட்டிக்கிட்டு நிக்குமா என்று சிரித்தாள், சிரிப்பு பாதியில் மூச்சு வாங்கி நின்றது, நான் கையில் கார்டோடு அப்படியே காத்திருந்தேன், மூச்சு திரும்பிவந்ததும் அவள், அக்கா, முக்கியமா ஒண்ணு, அம்மா பக்கத்துல இருந்தா சோப்புத் தூள ஒளிச்சு வெச்சுடு என்றாள், நான் சிரித்தேன், அந்தப் பக்கம் பார்த்திபன் சிரிப்பதும் கேட்டது, அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், போடி போக்கிரி, நீ வந்து பேசிக்கிறேன் உன்ன என்றாள், போன் வைத்தபிறகும் முந்தானையை வாயிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சோப்புத் தூள் கதை எங்கள் வீட்டின் சொத்து, குழம்பில் உப்பு குறைந்தால், சோப்புத் தூளாவது போட்டியா ரங்கா என்பார் அப்பா, குமுது கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம்கூடச் சொல்லியிருக்கிறோம், எங்க அம்மாவுக்குச் சுத்தம்னா உசிரு, மீனையே தொவச்சு காயப்போட்டவங்க என்று, கதையாகிவிட்டால் எல்லாமே சிரிப்புதான், நடக்கும்போது சிரிப்பாக இல்லை, குமுதுவுக்கு முழங்கால் வீங்குகிறது, அது வடிந்தால் கணுக்கால், அது வடிந்தால் மணிக்கட்டு, காய்ச்சல் இறங்கவே மாட்டேன் என்கிறது, மூட்டுல ஆரம்பிச்சு நெஞ்சுக்குப் போயிட்டுது என்று எழும்பூர் ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், கட்டிலில் அவள் கிடக்கிறாள், அவளுடைய இதயம் துடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிகிறது, நான் அந்தச் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அது எழுகிறது, விழுகிறது, எழுகிறது, வராந்தாவில் கீழ்வீட்டு லோகம்மா எனக்கு இட்லி ஊட்டாத குறையாகத் தட்டை நீட்டிக்கொண்டே அம்மாவிடம் சொல்கிறாள், ரங்கா, பயப்படாத, வீட்டுல மீனு இருக்கில்ல, வர்ற கண்டத்த அது வாங்கிக்கும், எங்க அண்ணன் வீட்டுல ஒருநாள் மொத்த மீனும் செத்து மெதந்துச்சு, அன்னிக்கே அண்ணன் சைக்கிளு மேல லாரி ஏறிடுச்சு, சைக்கிளு அப்பளமாப் போச்சு, அவருக்கு ஒரு கீறல் இல்ல, ஆனா ஒண்ணு, ஆசையா வளத்த மீனாத்தான் இருக்கணும், சும்மா கெடக்கற மீனு வாங்காது, நான் இட்லியை விழுங்குகிறேன், எனக்குப் பசி, தங்கை சாகக் கிடக்கும்போது பசிக்கிறதே என்று வெட்கமாக இருக்கிறது, அம்மா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்கு மறுநாள்தான், பள்ளிக்கூடம் விட்டு வந்து கீழ்வீட்டிலிருந்து மாடிக்கு ஓடுகிறேன், கஞ்சி காய்ச்ச அம்மா வந்திருப்பாள் என்று, கதவு திறந்திருக்கிறது, தொட்டிக் கண்ணாடி ஒருநாளும் இல்லாத பளபளப்பில் இருக்கிறது, மேலே நுரை, நுரைக்குள் பெரியப்பா மல்லாந்து, கணக்கு டீச்சர் ஒருக்களித்து, கறுப்பிங்க மொத்தமும், அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள், முழங்கைவரை ஈரம், கொழந்த வரும்போது பளிச்சுனு இருக்கட்டும்னு கழுவிட்டேன்டி, மறந்துபோயிட்டேன் என்றாள், அப்பா வந்து பார்த்துவிட்டு, நூறு வாட்டி சொல்லியிருக்கேனேடி என்று மட்டும் சொல்லித் தலையில் கைவைத்துக்கொண்டார், அவர் அதற்குமேல் திட்டவில்லை, அந்த வாரம் யாருக்கும் யாரையும் திட்டத் தெம்பு இல்லை, விடிந்தபோது குமுதுவுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது, நான் சொன்னேனில்ல என்று லோகம்மா தெருவுக்கே சொன்னாள், ஊசி மருந்து வேல செய்யுது என்று டாக்டர்கள் சொன்னார்கள், எனக்கு எதுவாக இருந்தாலும் சரி.

குமுது வீட்டுக்கு வந்த நாள், அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார், கொக்குக் கால்களாக இரண்டு காலும் தொங்குகின்றன, கூடத்துக்குள் வந்ததும் அவள் பார்த்தது தொட்டியைத்தான், தண்ணீர்கூட இல்லை, அவள் முதலில் அழவில்லை, மீனு எங்கப்பா என்றாள், அப்பா அம்மாவைப் பார்த்தார், அப்புறம் அழுதாள், நெஞ்சு வலிக்கும்டா அழாத என்று அப்பா கெஞ்சக் கெஞ்ச அழுதாள், அம்மா கையால் பால் குடிக்கமாட்டேன் என்றாள், ரொம்ப நாள் அம்மாவோடு பேசவில்லை, அம்மா தம்ளரை என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்று அவள் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள், அதன்பிறகு எங்கள் வீட்டில் மீன் வளர்க்கவே இல்லை, குமுது கேட்கவும் இல்லை, எப்போது பேச ஆரம்பித்தாள், எப்போது அது சிரிப்புக் கதையாயிற்று, யோசித்துப் பார்த்தால் ஞாபகமில்லை, அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது, லோகம்மாவும் போய்விட்டாள், கதை மட்டும் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் அதை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அம்மா மத்தியானம் சாப்பிடமாட்டேன் என்றுவிட்டாள், மீனு வீட்டுக்கு வரட்டும், அப்புறம் திங்கறேன், ரசம் சாதம் ஆறிப்போகிறது, மாத்திரை போடவேண்டிய நேரம் தாண்டுகிறது, அம்மா, என்ன கொழந்தையா நீ என்று கத்தினேன், ஆமா, கொழந்ததான் என்றாள், சரி, யாரோடு சண்டை போடுவது, தொட்டியைக் கடைசியாக ஒருமுறை அலசி, வாட்ச்மேனைத் துணைக்குக் கூப்பிட்டுக் கீழே இறக்கிக் கூடத்தில் மேஜைமேல் வைத்து, அடியில் பேப்பர் விரித்து ஒழுகவில்லை என்று பார்த்துத் தண்ணீர் நிரப்பிவிட்டு, கொளத்தூரில் மீன் கடைகள் இருக்கிற தெருவுக்குப் போனேன், வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், உள்ளங்கை அகலத்துக்கு நெற்றி புடைத்த மீன்கள், இத வெச்சா வீட்டுக்கு நல்லதும்மா, வாஸ்து மீனு என்று கடைக்காரப் பெண் காட்டினாள், வேண்டாம், கறுப்பு மோலி குடு என்றேன், குமுதுவுக்கு என்று யோசித்ததும் வேறு எதுவும் கண்ணில் படவில்லை, புதுத் தண்ணிக்கு இந்த மருந்து ரெண்டு சொட்டு விடுங்க, பையோட மெதக்க விட்டு அப்புறம் தெறந்து விடுங்க என்று சொல்லிக் கொடுத்தாள், நான் தலையாட்டினேன், பஸ்ஸில் வாளியோடு வந்த அப்பாவின் ஈரப் பேண்ட் ஞாபகம் வந்து தெருவிலேயே சிரிப்பு வந்தது, சிரிப்போடு கொஞ்சம் அழுகையும்.

வந்து மருந்து விட்டேன், காற்று விடுகிற ஏர் டியூபைப் பொருத்தினேன், பையை மிதக்கவிட்டேன், உள்ளே கறுப்பாகக் குறுக்கும் நெடுக்கும் துள்ளுகின்றன, சாயங்கால வெயில் சன்னல் வழியாக வந்து தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது, அம்மா, வந்து பாரு என்று கூப்பிட்டேன், துணி துவைக்கிற பால்கனிப் பக்கமிருந்து அவள் மெதுவாக வந்தாள், கையில் சோப்புத் தூள் பாக்கெட், ஒட்டுப் பிரிக்காதது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மா, சத்தியமா நீ திருந்தவே மாட்ட, தொட்டியெல்லாம் கழுவியாச்சு, இனிமே எதுக்கு அது என்றேன், கழுவறதுக்கு இல்லடி என்றாள், பையைப் பார்த்தாள், இன்னும் தெறக்கலையா, சரி, இப்ப வேணாம், மீன விட்டப்புறம் போடறேன் என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன், விளையாடவில்லை, குழம்பவும் இல்லை, மார்க்கெட்டுக்குப் போகக் கிளம்பினவள்மாதிரி தெளிவாக நிற்கிறாள், மீன விட்டப்புறம், அந்த வார்த்தை மெதுவாகத்தான் எனக்குள் இறங்கியது, இறங்க இறங்கச் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டேன், புளித்தண்ணீரில் கழுவி, முகர்ந்து பார்த்து, என்னையும் முகரச்சொன்ன கை இது, இந்தக் கையா மறந்தது, அம்மா, அன்னிக்கு நீ மறக்கலையா என்றேன், அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள், அதெப்படி மறக்கும், உங்கப்பா ஒரு வாட்டியா சொன்னாரு என்றாள், அப்பாவுக்குத் தெரியுமா என்றேன், யாருக்கும் தெரியாது, தெரிஞ்சா விடுவாரா, கஞ்சி வெக்க வந்தேன், அடுப்புல பொங்கி வழியுது, நான் தொட்டிகிட்ட நிக்கறேன், ஒவ்வொண்ணா பேரு சொல்லிக் கும்பிட்டேன், டீச்சரம்மா, பெரியப்பா, எங்க கொழந்தைக்காகப் போயிடுங்கன்னு கேட்டேன், அந்த லோகம்மாவயும்தான், அப்புறம் போட்டேன், அந்தப் பெரியப்பா மட்டும் சீக்கிரம் போகல, கண்ணாடிகிட்ட வந்து வந்து என்னப் பாத்துச்சு என்றாள், சொல்லும்போது குரல் நடுங்கவில்லை, எப்போதோ அழுது முடித்துவிட்டவளின் குரல்.

எத்தனை வருஷம், அப்பா கிண்டல் செய்தார், நான் செய்தேன், குமுது செய்தாள், மாப்பிள்ளை வீடு, அக்கம்பக்கம், பேரன் பேத்திகள் எல்லோரும் கூடிச் சிரித்தோம், அத்தனை பேருக்கு நடுவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் உட்கார்ந்திருந்தாள், முந்தானைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே, என்னால் தாங்கமுடியவில்லை, அம்மா, குமுது வந்து அப்படி அழுதாளே, உன் கையால பால்கூடக் குடிக்கலையே, அப்பகூட உனக்குச் சொல்லணும்னு தோணலையா என்றேன், அம்மா என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள், அழறதுக்கு அவ வந்தாளேடி என்றாள்.

நான் எழுந்துபோய்ப் பையின் முடிச்சை அவிழ்த்தேன், எதையாவது செய்யவேண்டும்போல இருந்தது, மோலிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டிக்குள் இறங்கின, ஒரு நிமிஷம் திகைத்து அடியிலேயே நின்றன, பிறகு கண்ணாடி ஓரமாகச் சுற்ற ஆரம்பித்தன, அம்மா பக்கத்தில் வந்து நின்று பாக்கெட்டைப் பிரிக்கப் பார்த்தாள், விரல்களுக்குப் பலமில்லை, பல்லால் கடித்தாள், அதுவும் முடியவில்லை, கொஞ்சம் கத்தரிச்சு மட்டும் குடு, நீ போடவேணாம், நான் போட்டுக்கறேன், பாவம் எனக்கு இருக்கட்டும், ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, அதோட இதும் சேர்ந்து வரட்டும் என்று பாக்கெட்டை என்னிடம் நீட்டினாள், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, காய்ச்சலை இறக்கியது ஊசி, மாதாமாதம் அழுதுகொண்டே போட்டுக்கொண்ட அந்த ஊசிதான் அவளை இத்தனை வருஷம் இழுத்துக்கொண்டு வந்தது, இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும் பாக்கெட்டை வாங்கிக்கொண்டேன், கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஹார்ட் ரொம்பப் பெருசாயிருக்கும்மா என்றார் டாக்டர், சட்டைப் பொத்தான் எழுகிறது, விழுகிறது, இது வெறும் மீன், கடையில் ஒரு பை நிறையத் தருகிற மீன், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அன்னிக்கு நீ கத்தரிச்சுக் குடுக்கலையே என்று அம்மா சாகும்வரை கேட்கமாட்டாள், நான் என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன், பாக்கெட்டின் மூலையில் வைத்தும்விட்டேன்.

அப்போது குமுதுவின் சிரிப்புதான் கேட்டது, பாதியில் மூச்சு வாங்கி நின்ற அந்தச் சிரிப்பு, மயக்கம் தெளிந்து, ஆம்புலன்ஸில் வந்து, பார்த்திபன் தோளைப் பிடித்துக்கொண்டு இந்தக் கூடத்துக்குள் நுழைகிறாள், நுழைந்ததும் எங்கே பார்ப்பாள், மறுபடியும் காலித் தொட்டியைக் காட்டுவதற்கா அவளைத் திரும்பி வரச்சொல்கிறேன், கத்தரிக்கோலையும் பாக்கெட்டையும் மேஜைமேல் வைத்தேன், வேணாம்மா என்றேன், அம்மா ஒன்றும் புரியாமல் நின்றாள், மீனு உசிரோட இருந்தா, அப்ப அவ என்றாள், அவளும் இருப்பாம்மா என்றேன், மீனும் இருந்து, அவளும் இருப்பாளா என்றாள், கடவுளிடம் ஒருபோதும் அவ்வளவு கேட்டறியாதவள், ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று என்று தெரிந்துவைத்திருப்பவள், ரெண்டுமேவா என்று என் முகத்தையே பார்க்கிறாள், அந்தக் கண்ணைப் பார்க்காமல், சரிந்திருந்த ஏர் டியூபை நிமிர்த்துகிற சாக்கில் தொட்டிக்குள் கையை விட்டேன், தோள்வரை உள்ளே போனது, தண்ணீர் குளிர்ச்சியாக, வாசமில்லாமல் இருந்தது, காலையிலிருந்து தேய்த்துத் தோலுரிந்த விரல் முட்டியை ஒரு மோலி வந்து முத்தி முத்திப் பார்த்தது, இன்னொன்று வந்தது, ரெண்டும்தான்மா என்றேன், நிஜமாவாடி, நிஜமாத்தான், மேஜைமேலிருந்து அம்மா பாக்கெட்டை எடுக்கிற சத்தம் கேட்டது, அப்ப இது தொவைக்க இருக்கட்டும், ஆஸ்பத்திரியிலேர்ந்து அவ துணியெல்லாம் வருமில்ல என்று சொல்லிக்கொண்டே பால்கனிப் பக்கம் போனாள்.